பொலிகாளைத் தெரிவும் கன்றின் வளர்ச்சியும்

கொழும்பு நகரில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளிலுள்ள கடைகளில் மாட்டிறைச்சி விற்கப்படுகின்றது. ஆனால் அவ்விறைச்சியைத் தரும் மாடுகள் அந்நகரில் வளர்வனவல்ல. மட்டக்களப்பு, வவுனியா, பொலன்னறுவை போன்ற வரண்ட வலய மாவட்டங்களின் மேய்ச்சல் நிலங்களிற் பிறந்து, பட்டிகளில் வளர்ந்து, வியாபாரிகள் பலரின் கைமாறியே மாடுகள் நகரத்தை அடைகின்றன. கொழும்பு மாநகரசபையின் தெமட்டகொடைக் கொல்களம் நெடுங்காலமாக இவ்வணிகத்தின் முடிவிடமாக அறியப்பட்டு வந்துள்ளது.

நகரிலே இறைச்சியை வாங்குபவர் கேட்பது நல்ல சதைப்பிடிப்பு. அதனைக் கருதியே கடைக்காரர் வியாபாரியிடம் கேட்கின்றார். வியாபாரி பட்டிக்காரரிடம் கேட்கின்றார். ஆகவே பட்டியிலுள்ள நாம்பன்களுள் எது விரைவாக வளர்ந்து எடையிற் சிறந்து நிற்கின்றதோ அதுவே முதலில் விலைபோகின்றது. வளர்ச்சி குன்றியதை எவரும் விரும்பாமையால் அது பட்டியிலேயே தங்கிவிடுகின்றது. அடுத்த ஆண்டில் அதுவே பசுக்களுடன் சேர்ந்து பொலிகாளையாகின்றது. இவ்வாறு சிறந்த நாம்பன் நகரத்துக்கும், கடையானது பட்டிக்கும் எனப் பங்கிடப்படுவதை எவரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. எனினும் ஆண்டுதோறும் இது நிகழுமிடத்துப் பட்டியின் தரம் படிப்படியாகத் தாழ்வது திண்ணம். இதன் காரணத்தையும், இதனைத் தவிர்க்கும் வழிகளையும் விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இலங்கைப் பட்டிகளின் இயல்பு

பிறேசில், அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறைச்சிக்கென்றே தனியாக மாட்டு மந்தைகள் வளர்க்கப்படுகின்றன. இலங்கையில் அத்தகைய மந்தைகள் மிக அரிது. இங்கு மாட்டிறைச்சி என்பது பாலுக்கும் உழவுக்கும் வளர்க்கப்பட்ட மாடுகளில் எஞ்சியவற்றிலிருந்து கிடைக்கும் பொருளே. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் பசுக்களைக் கொல்வதற்குத் தடைகளை விதித்திருத்தலின், இறைச்சிக்குச் செல்வனவற்றுள் ஆண் மாடுகளே முதலிடம் பெறுகின்றன.

முற்காலத்தில் நல்ல நாம்பனுக்கு வேறொரு வேலையும் இருந்தது. வயலை உழுவதற்கும், சூடடிப்பதற்கும், வண்டி இழுப்பதற்கும் வலிமைமிக்க எருதுகள் வேண்டியிருந்தன. ஆதலின் பட்டிக்காரர் திறமான நாம்பனைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்றிரண்டு பொலிகாளைகளாகவும் நின்றன. உழவு இயந்திரம் வயலுக்கு வந்தபின் அத்தேவை பெரிதும் அற்றுப்போயிற்று. இன்று பலருக்கு நாம்பன் என்பது காசாக மாற்றப்பட வேண்டிய ஒரு பொருள் மட்டுமே. விதைப்புச் செலவோ, பிள்ளைகளின் படிப்புச் செலவோ, வீட்டில் ஒரு மங்கல காரியமோ வருமிடத்துப் பட்டியின் மிகச் சிறந்த நாம்பனே முதலில் விற்கப்படுகின்றது.

இறைச்சிக்கென மாடு விற்பதை விரும்பாத கமக்காரரும் பலர் உளர். இங்கு கூறப்படுவன அவர்க்கும் பொருந்தும். பொலிகாளையின் குணம் அதன் ஆண் கன்றின் எடையில் மட்டுமன்றிப் பெண் கன்றின் பாலிலும் வெளிப்படுவதாகும்.

பொலிகாளையின் பங்கு

ஒவ்வொரு கன்றும் தன் இயல்புகளிற் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றது. ஆனால் ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்றையே ஈனும். ஒரு காளையோ அதே ஆண்டில் இருபது கன்றுகளுக்குத் தந்தையாகலாம். ஒரு பசு குறையுடையதாயின் ஒரு கன்றே குறையுடையதாகும்; காளை குறையுடையதாயின் அவ்வாண்டுக் கன்றுகள் யாவும் அதன் பங்கைப் பெறும்.

இன்னொரு வகையாலும் இதனை விளங்கிக்கொள்ளலாம். ஒரு கன்றின் பரம்பரை இயல்பில் அரைப்பங்கு அதன் தந்தையினுடையது. தாயின் தந்தையிடமிருந்து காற்பங்கும், தாய்வழிப் பாட்டியின் தந்தையிடமிருந்து அரைக்காற்பங்கும் வருகின்றன. இம்மூன்றையும் கூட்டினால் எட்டில் ஏழு பங்காகும். அதாவது, அடுத்தடுத்து வந்த மூன்று பொலிகாளைகளே இன்று பட்டியில் நிற்கும் கன்றின் பரம்பரையைப் பெரும்பாலும் தீர்மானித்துள்ளன. பசுக்களை மாற்றாமல், மூன்று முறை நல்ல காளையைத் தெரிந்தெடுத்தாலே ஒரு பட்டியைப் புதுப்பிக்கலாம். மூன்று முறை தவறினால் அதே பட்டியைக் கெடுத்தும் விடலாம்.

முதற் கடமை சினைப்படுத்தல்

காளையின் வளர்ச்சியும் தோற்றமும் எவ்வளவு சிறந்தனவாயினும் பசுக்கள் சினைப்படாவிடின் பயனில்லை. 25 பசுக்கள் உள்ள ஒரு பட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நல்ல காளையால் அவற்றுள் 18 பசுக்கள் சினைப்பட்டன எனவும், குறையுள்ள காளையால் 10 பசுக்களே சினைப்பட்டன எனவும் வைத்துக்கொள்வோம். கன்றொன்று பால் மறக்கும் பருவத்தில் 70 கிலோகிராம் எடையுள்ளதாயின், எட்டுக் கன்றுகளின் இழப்பு 560 கிலோகிராம் ஆகும். அத்துடன் சினைப்படாத எட்டுப் பசுக்களும் ஓராண்டு முழுவதும் கன்றும் பாலும் இன்றி மேய்கின்றன.

முழுமையாக மலடான காளையைப் பட்டிக்காரர் விரைவில் அறிந்து நீக்கிவிடுவர். அரைகுறையாகச் சினைப்படுத்தும் காளையே அதிக நட்டத்தைத் தருவது. பசுக்கள் மீண்டும் மீண்டும் வேட்கைக்கு வரினும் குற்றம் பசுவின் மீதே சுமத்தப்படுகின்றது. ஆதலின், சினைப்படுத்தும் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே கால்நடை வைத்திய அதிகாரியைக் கொண்டு காளையைப் பரிசோதித்தல் வேண்டும்.

பரிசோதிக்க வேண்டிய உறுப்புகள்

காளை தன் உணவைத் தேடியும் பசுக்களைத் தேடியும் நாள்தோறும் நெடுந்தூரம் நடக்க வேண்டியது. எனவே கால்களும் குளம்புகளும் முதலிற் கவனிக்கப்படல் வேண்டும். பின்னங்கால்கள் மிக நேராகவோ மிக வளைந்தோ இருத்தலாகாது. குளம்பு நீண்டு பிளந்திருத்தலும், நடையில் நொண்டலும் குற்றங்களாம். பசுவின் மீது ஏறும்போது காளையின் பாரம் முழுவதும் பின்னங்கால்களிலேயே தங்குகின்றது. கண்கள் தெளிவாகவும் பற்கள் தேயாமலும் இருத்தல் வேண்டும்.

அடுத்து விதைப்பை. இரண்டு விதைகளும் அளவில் ஒத்து, கைக்கு உறுதியாக, வீக்கமும் கட்டியும் இன்றி இருத்தல் வேண்டும். விதைப்பையின் அகன்ற பகுதியை நாடாவால் அளந்தால், அக்காளை உண்டாக்கக்கூடிய விந்தின் அளவை ஒருவாறு மதிப்பிடலாம். பெரிய மேல்நாட்டின இளங்காளைகளுக்கு 15 மாத வயது வரை 30 சென்ரிமீற்றரும், இரண்டு வயதுக்கு மேல் 34 சென்ரிமீற்றரும் குறைந்த எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. உருவிற் சிறிய நாட்டு மாடுகளுக்கு இவ்வெல்லைகள் அப்படியே பொருந்தா. ஆதலின் ஒரே பட்டியில், ஒரே வயதில் உள்ள நாம்பன்களின் அளவுகளைத் தம்முள் ஒப்பிட்டு, கூடியதைத் தெரிதல் வேண்டும். இவ்வளவு பெரிதும் பரம்பரையாக வருவதொன்று. அன்றியும், விதைப்பை பெரிதாயுள்ள காளையின் பெண் கன்றுகள் இளவயதிலேயே பருவமடைவதும் ஆராய்ச்சிகளால் அறியப்பட்டுள்ளது.

விந்தைப் பரிசோதித்தல் வைத்திய அதிகாரியின் பணி. விந்தணுக்களின் அசைவையும் வடிவத்தையும் அவர் நுணுக்குக்காட்டியாற் பார்ப்பார். நூற்றுக்கு 70 விந்தணுக்களாவது குறைபாடற்ற வடிவத்தில் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவாகும்.

இவையாவும் நிறைந்திருந்தும் சில காளைகள் பசுவை நாடுவதில்லை. இக்குறை விந்துப் பரிசோதனையில் வெளிப்படாது. வேட்கையில் உள்ள பசுவுடன் காளையை விட்டு, அது ஏறுகின்றதா, முறையாகச் சேர்கின்றதா என்பதைக் கண்ணாற் பார்த்தே அறிதல் வேண்டும்.

வெப்பமும் காய்ச்சலும்

விந்து செவ்வனே உண்டாவதற்கு விதைகள் உடலினும் சில பாகை குளிர்ந்திருத்தல் அவசியம். இதற்காகவே இயற்கை அவற்றை உடலுக்கு வெளியே வைத்துள்ளது. கடுங்கோடையில் நிழலின்றி நிற்கும் காளையின் விந்து தரங்குறைகின்றது. நோயினாலே கடுங்காய்ச்சல் கண்ட காளைக்கும் இதே கேடு நேரும்.

ஒரு விந்தணு உருவாகி, முதிர்ந்து, வெளிவருவதற்கு ஏறத்தாழ 70 நாட்கள் செல்கின்றன. எனவே இன்று காய்ச்சல் நீங்கி நன்றாக மேயும் காளை, இரண்டு மாதங்களுக்கு மேலாகவும் சினைப்படுத்தும் ஆற்றல் குன்றியதாய் இருக்கலாம். கால் வாய் நோய் பரவிய பட்டிகளிலும், 2020 ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல்கழலை நோய் தாக்கிய பட்டிகளிலும் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். நோயினின்று எழுந்த காளையை உடனே பசுக்களோடு விட்டு, அப்பருவம் முழுவதையும் இழத்தல் ஆகாது.

காளையாற் பரவும் நோய்கள்

ஒரு பசுவிலிருந்து மற்றொரு பசுவுக்கு நோயைக் கொண்டுசெல்லும் வாயிலாகவும் காளை அமைந்துவிடலாம். சினை முதிரும் மாதங்களிற் கன்று வீசுதலும், நஞ்சுக்கொடி தங்குதலும் பட்டியில் அடிக்கடி நிகழுமாயின் புறூசெல்லா நோய் உண்டோ எனச் சந்தேகித்தல் வேண்டும். இந்நோய் பச்சைப் பாலின் மூலமும், வீசிய கன்றைக் கையால் தொடுவதன் மூலமும் மனிதரையும் பற்றும். சினைப்பட்டதாகத் தோன்றிய பசுக்கள் சில வாரங்களில் மீண்டும் வேட்கைக்கு வருதல், காளையின் உறையில் மறைந்துவாழும் வேறு நோய்க்கிருமிகளின் விளைவாகலாம். அத்தகைய காளை வெளித்தோற்றத்தில் எவ்வித நோய்க்குறியும் காட்டாது. எனவே புதிதாக வாங்கிய காளையைத் தனியே கட்டிவைத்து, இரத்தப் பரிசோதனையும் பிற பரிசோதனைகளும் முடிந்த பின்னரே பட்டியுடன் சேர்த்தல் வேண்டும்.

காளையொன்றுக்கு எத்தனை பசுக்கள்

முதன்முறையாக விடப்படும் இளங்காளைக்கு 10 முதல் 15 பசுக்கள் போதும். முதிர்ந்த, பரிசோதிக்கப்பட்ட காளைக்கு 25 பசுக்கள் வரை விடலாம். காட்டோரங்களிற் பரந்து மேயும் பட்டிகளுக்கு இத்தொகையைக் குறைத்தல் நன்று. ஆண்டு முழுவதும் காளையைப் பசுக்களுடன் விடுதலே பெரும்பாலோரின் வழக்கம். அதனாற் கன்றுகள் எல்லா மாதங்களிலும் பிறக்கின்றன. வரட்சியிற் பிறந்தவை பால் போதாமல் மெலிகின்றன.

பசுவின் சினைக்காலம் ஒன்பதரை மாதங்களளவு. மாரி மழையால் முளைத்த புல்லை மேய்ந்து பசுக்கள் உடல் தேறியுள்ள தை முதற் பங்குனி வரையான காலத்தில் சினைப்படுமாயின், ஐப்பசி முதல் மார்கழி வரையிற் கன்றுகள் பிறக்கும். அவை புல் வாய்க்கும் பருவத்திற்குப் பசும்புல்லும், தாய்க்குப் பாலும் உண்டு. ஆனால் மழையிலும் குளிரிலும் இளங்கன்றுக்கு ஒதுங்குமிடம் அமைத்தல் இன்றியமையாதது. 2022 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வீசிய குளிர்காற்றினாலும் மழையினாலும் வட, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டமை இதற்குத் தக்க எச்சரிக்கையாகும்.

கன்றின் வளர்ச்சியை அளத்தல்

பெரிய கன்றே சிறந்த கன்று என எண்ணுதல் இயல்பு. ஆயின் அது எப்போதும் உண்மையன்று. முன்னரே பிறந்த கன்று வயதினாலே பெரிதாகத் தோன்றும். வயதையும் எடையையும் சேர்த்து நோக்கினாலன்றி எது விரைவாக வளர்ந்தது என்பது புலப்படாது.

இதற்கு வேண்டுவன ஒரு கொப்பியும், ஒரு நாடாவும், பொறுமையுமே. கன்று பிறந்த நாளையும், அதன் தாயையும், தந்தையையும் கொப்பியில் எழுதல் வேண்டும். குறிசுடுதல் மாட்டின் உடைமையாளரைக் காட்டுமேயன்றி அதன் தந்தையைக் காட்டாது. எனவே கன்றின் காதில் இலக்கத் தகடு பொருத்தி, அந்த இலக்கத்தையே கொப்பியிற் பதிதல் நன்று.

தராசு இல்லாதவிடத்து நாடாவால் எடையை மதிப்பிடலாம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோட்பட்டை முனையிலிருந்து பின்தொடையின் எலும்பு முனைவரை உடலின் நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளத்தல் வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, அதனை நீளத்தாற் பெருக்கி, வருவதை 10,840 ஆற் பிரித்தால் கிலோகிராமில் எடை கிடைக்கும். சுற்றளவு 100 சென்ரிமீற்றரும் நீளம் 85 சென்ரிமீற்றரும் உள்ள கன்று ஏறத்தாழ 78 கிலோகிராம் எடையுடையதாகும். இது மதிப்பீடே, எனினும் எல்லாக் கன்றுகளையும் ஒரே முறையில் அளந்தால் ஒப்பிடுதற்குப் போதுமானது.

இனி, கன்றுகளை ஒரே வயதுக்குக் கொண்டுவந்து ஒப்பிடல் வேண்டும். இதற்குப் பல நாடுகளில் 205 நாள் எடை என்னும் கணக்கு வழங்குகின்றது. அளந்த எடையிலிருந்து பிறப்பு எடையைக் கழித்து, மீதியை வயதின் நாட்களாற் பிரித்தால், நாளொன்றுக்குக் கூடிய எடை வரும். அதனை 205 ஆற் பெருக்கிப் பிறப்பு எடையைக் கூட்டுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பட்டியில் இரண்டு நாம்பன் கன்றுகள் நிற்கின்றன எனக் கொள்வோம். முதலாவது கன்றின் வயது 240 நாள், பிறப்பு எடை 16 கிலோகிராம், இன்றைய எடை 78 கிலோகிராம். இரண்டாவது கன்றின் வயது 180 நாள், பிறப்பு எடை 15 கிலோகிராம், இன்றைய எடை 70 கிலோகிராம். பார்வைக்கு முதலாவதே பெரிது. ஆனால் அது நாளொன்றுக்கு 258 கிராமே கூடியுள்ளது. இரண்டாவது 306 கிராம் கூடியுள்ளது. 205 நாள் எடையைக் கணித்தால் முதலாவது 69 கிலோகிராமும், இரண்டாவது 78 கிலோகிராமும் ஆகும். பொலிகாளைக்கென வைத்துக்கொள்ளத் தக்கது இரண்டாவதே. கொப்பி இல்லாத பட்டியில் இவ்வுண்மை எவருக்கும் தெரியாமற் போய்விடும்.

ஒப்பிடும்போது வேறு சிலவற்றையும் கருதல் வேண்டும். முதல் ஈற்றுப் பசுவிற்குப் பால் குறைவாதலின் அதன் கன்று சற்றுப் பின்தங்கும்; அது கன்றின் குற்றமன்று. ஒரு தாயின் பாலை வீட்டுக்காக அதிகமாகக் கறந்து, மற்றொரு தாயின் பாலைக் கன்றுக்கே விட்டால், அவ்விரு கன்றுகளையும் ஒப்பிடுதல் நீதியாகாது. மாரியிற் பிறந்ததை மாரியிற் பிறந்ததோடும், கோடையிற் பிறந்ததைக் கோடையிற் பிறந்ததோடும் ஒப்பிடல் வேண்டும்.

எவ்வளவு நன்மையை எதிர்பார்க்கலாம்

தந்தையின் மேன்மை முழுவதும் கன்றுக்கு வருவதில்லை. பால் மறக்கும் பருவத்து எடையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே பரம்பரையால் ஆவது. எஞ்சியது தீனி, தாயின் பால், நோய் முதலியவற்றால் ஆவது.

பட்டியின் சராசரி எடையிலும் 20 கிலோகிராம் கூடிய எடைபெற்ற ஒரு நாம்பனைப் பொலிகாளையாக விட்டால், அதன் கன்றுகள் சராசரியாக இரண்டரைக் கிலோகிராமளவு கூடுதலாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். 20 கிலோகிராம் குறைந்த நாம்பனை விட்டால் அதே அளவு குறையும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு கன்றொன்றுக்கு ஐந்து கிலோகிராம். ஆண்டுக்கு 20 கன்றுகளாக மூன்று ஆண்டுகளிற் பிறக்கும் 60 கன்றுகளுக்கு 300 கிலோகிராம் ஆகின்றது.

இது ஒரே ஆண்டிற் கண்ணுக்குத் தெரியும் பெருமாற்றமன்று. ஆயினும் அக்காளையின் பெண் கன்றுகள் பட்டியிலே தங்கித் தாய்களாகின்றன. அவற்றின் மீது அடுத்த நல்ல காளை வருகின்றது. தீனியால் வந்த நன்மை தீனி நின்றதும் நின்றுவிடும். தெரிவினால் வந்த நன்மையோ தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும். தவறான தெரிவின் தீமையும் அவ்வாறே சேரும்.

சிறந்த நாம்பனை விற்காமல் வைத்தால் அதன் விலையை இழக்க வேண்டுமே எனச் சிலர் தயங்குவர். உண்மையில் அவ்விலை இழக்கப்படுவதன்று, பிற்போடப்படுவதே. மூன்று ஆண்டுகள் பணிசெய்த காளை முன்னிலும் எடைகூடி நிற்கும். அப்போது அதனை வேறொரு பட்டிக்குப் பொலிகாளையாக விற்கலாம்.

காங்கேயமும் ஓங்கோலும்

தமிழ்நாட்டில் இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயப் பகுதியில், பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் பட்டி இதற்குச் சிறந்த சான்றாகும். காங்கேய மாட்டினம் சீர்பெற்றதற்கு அப்பட்டியிற் கவனமாக நடத்தப்பட்ட தெரிவே காரணமெனக் கூறுவர். அங்கு நிலம் செழிப்பானதன்று, மழையும் குறைவு. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தின் நெற்றையும் உண்டே மாடுகள் வளர்ந்தன. திறமான நாம்பன்கள் இனத்துக்காக நிறுத்தப்பட்டமையால் அவ்வினம் வலிமைக்குப் பெயர்பெற்றது.

ஆந்திரத்து ஓங்கோல் மாடு பிறேசில் நாட்டுக்குச் சென்று, நெல்லூர் மாவட்டத்தின் பெயரால் நெலோர் என வழங்குகின்றது. 1960களின் தொடக்கத்திலும் இந்தியாவிலிருந்து அங்கு காளைகள் கொண்டுசெல்லப்பட்டன. எடை அளத்தல், பதிவு, தெரிவு ஆகியவற்றை விடாது மேற்கொண்டமையால் இன்று அந்நாட்டின் இறைச்சி மந்தைகளிற் பெரும்பகுதி அவ்வினத்தைச் சார்ந்ததாயுள்ளது. திமிலுள்ள நம் நாட்டு மாட்டினங்கள் வளரமாட்டா என்னும் எண்ணம் தவறென்பதற்கு இது போதிய சான்று.

பிறவினக் காளைகள்

இலங்கையிற் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் 1938 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. குண்டசாலையிலுள்ள மத்திய நிலையத்தில் தெரிந்தெடுத்த காளைகளின் விந்து, திரவ நைதரசனில் 196 பாகை உறைநிலைக்குக் கீழான குளிரிற் பேணப்பட்டு நாட்டின் பிற பகுதிகளுக்கு அனுப்பப்படுகின்றது. வீட்டோடு கட்டிவளர்க்கும் பசுக்களுக்கு இதுவே சிறந்த வழி. காட்டோரங்களில் மேயும் பட்டிகளில், பசு வேட்கைக்கு வந்த வேளையை அறிந்து அதிகாரியை அழைத்தல் எளிதன்று. ஆதலின் அங்கு பொலிகாளையின் தேவை இன்றும் நீங்கவில்லை.

பெரிய உருவமுள்ள காளையின் கன்று பெரிதாக வளரும் என்பது மெய்யே. ஆனால் அக்கன்று பிறக்கும்போதும் பெரிதாயிருக்கும். சிறிய நாட்டு நாகுக்கு அதனை ஈனுதல் உயிராபத்தாகலாம். அன்றியும் குளிர்நாட்டினங்களின் கலப்பு மிகுந்தால், வரண்ட வலய வெப்பத்தையும் உண்ணியையும் கன்றுகள் தாங்கமாட்டா. வரண்ட வலயத்துக்குச் சகிவால் போன்ற வெப்பநாட்டினங்களும் அவற்றின் கலப்பினங்களுமே ஏற்றவை. எவ்வினமாயினும், முதல் ஈற்று நாகுகளுக்குப் பிறப்பு எடை குறைந்த கன்றுகளைத் தரும் காளையையே பயன்படுத்தல் வேண்டும்.

இரத்த உறவுச் சேர்க்கை

நல்ல காளை கிடைத்துவிட்டது என்பதற்காக அதனை ஆண்டுக்கணக்காக ஒரே பட்டியில் வைத்திருத்தல் ஆகாது. மூன்றாண்டுகளில் அதன் பெண் கன்றுகளே பருவமடைந்து அதனோடு சேரும். தந்தையும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்று நலிந்த வளர்ச்சியும், குறைந்த நோயெதிர்ப்பும், சிலவேளை உறுப்புக் குறைகளும் உடையதாகலாம். எனவே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அயற்பட்டிக்காரருடன் காளையை மாற்றிக்கொள்ளல் வேண்டும். காசு செலவின்றிச் செய்யத்தக்க முறை இதுவே. மாற்றுமுன் நோய்ப் பரிசோதனையை மறத்தலாகாது.

தெரியப்படாத நாம்பன்கள்

பொலிகாளையை எவ்வளவு கவனமாகத் தெரிந்தாலும், பட்டியில் வேறு நாம்பன்கள் நலமடிக்கப்படாமல் திரியுமாயின் முயற்சி வீணாகும். குன்றிய நாம்பனும் பருவமடைந்ததும் பசுவைச் சினைப்படுத்தும். ஆகவே தெரிவு முடிந்தவுடன், எஞ்சிய நாம்பன்களை ஒரு வயதுக்கு முன்னரே கால்நடை வைத்திய அதிகாரியைக் கொண்டு இடுக்கிமுறையால் நலமடித்தல் வேண்டும். இம்முறையில் தோல் வெட்டப்படாமையால் புண்ணும் புழுவும் உண்டாவதில்லை. நலமடித்தவை அமைதியாக மேய்ந்து வளரும். உரிய காலத்தில் விற்பனைக்கும் உதவும்.

கன்றுக்குத் தீனி

நல்ல தந்தையின் கன்றும் பட்டினியால் குன்றிவிடும். பிறந்த ஆறு மணித்தியாலங்களுக்குள் கன்று சீம்பாலை வயிறாரக் குடித்தல் வேண்டும். தாயின் நான்கு முலைகளையும் ஒட்டக் கறந்துவிட்டுக் கன்றை அவிழ்த்தல், இன்றைய பாலுக்காக நாளைய மாட்டை விற்பதை ஒக்கும். ஒரு முலையையாவது கன்றுக்கென விடுதல் வேண்டும். குடற்புழுவுக்குரிய மருந்தும், தொண்டை அடைப்பான், கால் வாய் நோய் ஆகியவற்றுக்குரிய தடுப்பூசிகளும் அதிகாரியின் அறிவுரைப்படி உரிய காலத்தில் இடப்படல் வேண்டும். பெரும்போக வேளாண்மைக் காலத்தில் மேய்ச்சல் நிலம் சுருங்குவதாலும், கோடையிற் புல் காய்வதாலும், வைக்கோலைச் சேமித்தலும், கிளிசரிடியா, இப்பில் இப்பில் முதலிய குழைகளை வேலியோரங்களில் வளர்த்தலும் மிகுந்த பயன்தரும்.

பட்டிக்காரர் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கன்று பிறந்த நாளையும் தாய் தந்தையரையும் கொப்பியில் எழுதுக.

2. ஏழு மாதமளவில் எல்லாக் கன்றுகளையும் அளந்து, 205 நாள் எடையைக் கணிக்குக.

3. சிறந்த இரண்டு நாம்பன்களைத் தெரிந்து ஒதுக்கிய பின்னரே வியாபாரிக்குப் பட்டியைக் காட்டுக.

4. ஏனைய நாம்பன்களை உரிய காலத்தில் நலமடிப்பிக்குக.

5. சினைப்பருவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன் காளையைப் பரிசோதிப்பிக்குக.

6. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காளையை மாற்றுக.

கொழும்புச் சந்தை என்றும் கொழுத்த நாம்பனையே கேட்கும், அதிற் பிழையொன்றுமில்லை. எந்த நாம்பனைக் கொடுப்பது, எதனை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பட்டிக்காரருடையது. வியாபாரியின் கண் பட்டியில் விழுமுன் பட்டிக்காரரின் கண் விழுமாயின், சந்தைக்கும் குறைவிராது. பட்டியும் தலைமுறை தலைமுறையாகச் சிறக்கும். பரிசோதனை, நலமடித்தல், காளை மாற்றம் ஆகியவை பற்றிய மேலதிக விபரங்களை அந்தந்தப் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் பெற்றுக்கொள்ளலாம்.